கடலோரச் சாலை அறிக்கையில் "வனவிலங்குகளுக்குப் பாதிப்பு இல்லை" என்று இருந்தால் அதை எப்படி எடைபோடுவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: கடற்கரையை ஒட்டி ஒரு சாலை வரப்போகிறது. அதன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையில் "திட்டப் பகுதியில் குறிப்பிடத்தக்க வனவிலங்குகள் காணப்படவில்லை, ஆகவே பாதிப்பு மிகக் குறைவு" என்று ஒரு வரி இருக்கிறது. களஆய்வு நான்கு நாள் நடந்ததாகப் போட்டிருக்கிறார்கள். இதை நம்பலாமா, முறையாகச் செய்தால் எப்படிச் செய்வார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். மதிப்பீட்டு முறையைப் பற்றிக் கேட்டாலும், உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது வேறு என்று நினைக்கிறேன். உயிரியல் படிக்காத ஒருவர் இப்படி ஓர் அறிக்கையைக் கையில் எடுத்து, எங்கே அது உறுதியாக நிற்கிறது, எங்கே ஆட்டம் காண்கிறது என்று கண்டுபிடிக்க முடியுமா? தாராளமாக முடியும். கடலோர வாழிடங்களில் கணக்கெடுப்பதும் இத்தகைய அறிக்கைகளைச் சரிபார்ப்பதும் பல வருடங்களாக என் வேலை. உங்கள் அறிக்கையை நான் பார்க்கவில்லை. அதனால் அந்தச் சாலை வரலாமா கூடாதா என்று இங்கே தீர்ப்புச் சொல்ல மாட்டேன். எதைப் பார்த்து எடைபோட வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் அந்தக் "காணப்படவில்லை" என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஒரு விலங்கு கண்ணில் படாததற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். அது அங்கே இல்லை, அல்லது இருந்தும் பார்ப்பதற்கான வழியில் தேடவில்லை. அறிக்கை இந்த இரண்டையும் பிரித்துக் காட்டியிருக்கிறதா என்பதுதான் முதல் சோதனை. ஒரு சின்னக் கணக்கு போடலாம். நீர்நாய் ஒன்று அந்த ஓடையில் நிச்சயமாக வாழ்கிறது, ஒரு தடவை போனால் அதையோ அதன் தடயத்தையோ பார்க்க 30 சதவீதம் வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று தடவை போயும் மூன்று தடவையும் கோட்டைவிட 34 சதவீதம் வாய்ப்பு இருக்கிறது. அதை 5 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர ஒன்பது தடவை போக வேண்டும். நீர்நாய், மீன்பிடிப் பூனை மாதிரி எளிதில் கண்ணில் படாத கூச்ச சுபாவமுள்ள விலங்குகளுக்கு இந்த 30 சதவீதமே தாராளம்தான். நல்ல ஆய்வுக்குழு இதை மறைக்காது. எத்தனை தடவை போனோம், எத்தனை தானியங்கிக் கேமரா எத்தனை இரவு வைத்தோம், எச்சமும் காலடித்தடமும் எங்கெங்கே தேடினோம், இவ்வளவு தேடினால் இந்த விலங்கு தென்பட எவ்வளவு வாய்ப்பு என்று எழுதும். அப்படி எழுதியிருந்தால் "காணப்படவில்லை" என்ற வரிக்கு மதிப்பு உண்டு. எழுதவில்லை என்றால் அந்த வரி ஆய்வாளர்களின் பயணத்தைப் பற்றித்தான் ஏதோ சொல்கிறது, விலங்குகளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

கடலோரத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே உயிரினங்கள் நம் கடிகாரத்தைப் பார்த்து நடப்பதில்லை, ஓதத்தைப் பார்த்து, அதாவது கடல்நீர் ஏறி இறங்குவதைப் பார்த்து நடக்கின்றன. அறிக்கையின் பின்னிணைப்பில் ஆய்வு நடந்த தேதியும் நேரமும் இருக்கும். அந்தத் தேதிகளுக்கான ஓத அட்டவணையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தண்ணீர் வற்றியிருக்கும் நேரத்தில் உள்ளான், உப்புக்கொத்தி போன்ற கரைப்பறவைகள் கிலோமீட்டர் கணக்கில் விரிந்து கிடக்கும் சேற்றுத் திட்டில் சிதறி மேயும். வெயிலில் கானல் ஆடும்போது தொலைநோக்கியில் பார்த்தாலும் வெறும் புள்ளிகள்தான் தெரியும். ஓதம் ஏற ஏற மேய்ச்சல் இடம் சுருங்கும். பறவைகள் கூட்டம் கூட்டமாக எழும்பி, தண்ணீர் ஏறாத ஒரே ஒரு மணல் திட்டிலோ உப்பள வரப்பிலோ வந்து இறங்கும். தோளோடு தோள் ஒட்டி, எல்லாம் காற்று வரும் திசைக்கு முகம் காட்டி, ஒற்றைக்காலில் நின்று, அலகை முதுகுச் சிறகில் செருகிக்கொண்டு தூங்கும். சில நூறு மீட்டர் நீளமுள்ள அந்தத் திட்டில் சில ஆயிரம் பறவைகள் இருக்கலாம். ஒரு நாய் ஓடினால் போதும், மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும். வலசைக்காகக் கொழுப்புச் சேர்க்க வேண்டிய நேரத்தில் அப்படித் திரும்பத் திரும்ப எழும்புவது சேமித்த சக்தியைக் கரைக்கிறது. இந்த ஓய்விடங்களைத்தான் பெரும்பாலான அறிக்கைகள் தவறவிடுகின்றன, ஏனென்றால் வற்றம் இருக்கும் நேரத்தில் நடப்பது சுலபம். உயர் ஓதத்தில், அதிலும் அமாவாசை பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய ஓதத்தில், ஒரு கணக்கெடுப்பாவது நடந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பறவைகளைப் பற்றிய பகுதி அரைகுறைதான்.

பருவமும் அப்படியே. வலசைப் பறவைகள் ஒரு பருவத்தில் வரும், ஆலா என்ற கடற்பறவைகள் இன்னொரு பருவத்தில் மணலில் முட்டையிடும், ஆமைகளுக்கு வேறு மாதங்கள், மீன்குஞ்சும் இறால்குஞ்சும் கழிமுகத்துக்குள் நுழைவது வேறு மாதங்கள். ஒரு முழு ஆண்டு என்பது குறைந்தபட்சம். வருடத்துக்கு வருடம் மழையும் வரத்தும் மாறுவதால் இரண்டு ஆண்டு இருந்தால்தான் ஓரளவு நம்பிக்கை வரும். எண்ணிக்கை கிடைத்த பிறகு அதை எதனோடு ஒப்பிடுவது என்பதற்கும் அளவுகோல் இருக்கிறது. ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச ஒப்பந்தமான ராம்சர் உடன்படிக்கையின்படி, ஓர் ஈரநிலம் 20,000 நீர்ப்பறவைகளைத் தொடர்ந்து தாங்கினாலோ, ஏதாவது ஒரு பறவையினத் தொகையில் 1 சதவீதத்தைத் தொடர்ந்து தாங்கினாலோ அது சர்வதேச முக்கியத்துவம் உள்ளதாகக் கொள்ளத்தக்கது. அந்த 1 சதவீதம் சில இனங்களுக்குச் சில நூறு பறவைகளைத் தாண்டாது. ஆகவே "சில நூறு பறவைகளே காணப்பட்டன" என்ற வரியைப் பார்த்து அலட்சியமாகக் கடந்துவிடாதீர்கள். எந்தப் பறவை என்று கேளுங்கள்.

அடுத்து, எவ்வளவு பரப்பைப் பார்த்தார்கள் என்பது. 10 கிலோமீட்டர் நீளம், 30 மீட்டர் அகலச் சாலை என்றால் அது உட்காரும் நிலம் 30 ஹெக்டேர். சாலையின் தாக்கம் இருபுறமும் 500 மீட்டர் வரை பரவுகிறது என்று எடுத்துக்கொண்டால் அது 1,000 ஹெக்டேர் ஆகிவிடும். அறிக்கை முதல் எண்ணை மட்டும் காட்டி "மொத்த வாழிடத்தில் இது சொற்பம்" என்று முடித்திருந்தால், கேள்வியின் பெரிய பாதியை விட்டுவிட்டது என்று அர்த்தம். தாக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பது இனத்துக்கு இனம் மாறும். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் வெளியான ஒரு பகுப்பாய்வில், சாலை முதலான கட்டமைப்புகளை ஒட்டிப் பறவைகளின் எண்ணிக்கை சுமார் 1 கிலோமீட்டர் வரையிலும் பாலூட்டிகளின் எண்ணிக்கை சுமார் 5 கிலோமீட்டர் வரையிலும் குறைந்திருந்தது. இவை சராசரியான போக்கு. உங்கள் இடத்துக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் "சாலை ஓரத்தில் 50 மீட்டர் பார்த்தோம்" என்பது போதாது என்பதற்கு இது போதும்.

இனி நான் மிக முக்கியமானதாக நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். கடலோரச் சாலை எந்த இடத்தில் உட்காருகிறது என்பதைவிட எதைத் தடுக்கிறது என்பதுதான் பெரும்பாலும் சேதத்தின் அளவைத் தீர்மானிக்கிறது. அது தடுக்கக்கூடியவை மூன்று: தண்ணீர், மணல், இருட்டு. இந்த மூன்றும் அறிக்கையில் எங்கே பேசப்படுகின்றன என்று தேடிப் பாருங்கள்.

தண்ணீருக்கு உலகம் அறிந்த பாடம் கொலம்பியாவின் சியேனகா கிராண்டே தே சாந்தா மார்த்தா என்ற கரீபியக் கடலோரக் காயல். கடலுக்கும் காயலுக்கும் நடுவே இருந்த மணல்திட்டின் மேல் 1956 முதல் 1960 வரை ஒரு நெடுஞ்சாலை போட்டார்கள். கடல்நீரும் காயல் நீரும் கலந்துகொண்டிருந்த வாய்கள் அடைபட்டன. பிற்பாடு மக்தலேனா ஆற்றுப் பக்கத்திலிருந்து வந்த நன்னீரும் சாலையாலும் கரைகளாலும் தடைபட்டது. வெயில் காய்ந்தது, தண்ணீர் ஆவியானது, உப்பு மட்டும் மண்ணில் தங்கியது. கடல்நீரைவிடப் பல மடங்கு உப்பேறிய சேற்றில் அலையாத்தி மரங்கள் நின்ற இடத்திலேயே பட்டுப்போயின. அடுத்த நாற்பது ஆண்டுகளுக்குள் அங்கிருந்த அலையாத்திக் காட்டில் பாதிக்கும் மேல் அழிந்தது. 1990-களின் பிற்பகுதியில் பழைய கால்வாய்களைத் தூர்வாரித் திறந்த பிறகு சில பகுதிகளில் காடு திரும்பியது. ஆனால் கால்வாய்கள் மறுபடி தூர்ந்தபோது முன்னேற்றமும் பின்வாங்கியது. கவனியுங்கள், சாலை உட்கார்ந்த கீற்றில் வெட்டிய மரங்கள் மொத்த இழப்பில் சொற்பம். செத்த மரங்களில் மிகப் பெரும்பாலானவை சாலையிலிருந்து தள்ளி, யாரும் கோடரி வைக்காத இடத்தில் நின்றவை. வெட்டப்படும் மரங்களை எண்ணிக் காட்டும் அறிக்கை இந்த இழப்பைப் பிடிக்கவே முடியாது.

அலையாத்திக் காடு எதிர்ப்பக்கமாகவும் சாகலாம். சாலைக் கரை தண்ணீரை உள்ளே தேக்கிவிட்டால், சேற்றுக்கு மேலே தலைநீட்டி நிற்கும் மூச்சு வேர்கள் வாரக்கணக்கில் மூழ்கிக் கிடந்து மரம் மூச்சுத்திணறும். இது நடக்காமல் இருக்கத்தான் கல்வெர்ட், அதாவது சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் சிறு வழி, வைக்கிறார்கள். "போதிய கல்வெர்ட்டுகள் அமைக்கப்படும்" என்ற வரி எல்லா அறிக்கையிலும் இருக்கும். அதில் திருப்தி அடையாதீர்கள். வரைபடத்தைக் கேட்டு மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஓடையின் இயல்பான அகலம் எவ்வளவு, கல்வெர்ட்டின் வாய் எவ்வளவு? கல்வெர்ட்டின் அடித்தளம் ஓடைப் படுகைக்கு எத்தனை சென்டிமீட்டர் மேலே இருக்கிறது? சாலை வந்த பிறகு உட்பக்கத்தில் ஓதம் எவ்வளவு ஏறி எவ்வளவு இறங்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்களா? அடித்தளம் படுகையைவிட உயரமாக இருந்தால் வற்றத்தில் உள்ளே இருக்கும் தண்ணீர் முழுதும் வடியாது, அடியில் ஊர்ந்து வரும் மீன்குஞ்சுகளும் நண்டுகளும் அந்தப் படியைத் தாண்டத் திணறும். வாய் குறுகலாக இருந்தால் ஓதம் திரும்பும்போது நீர் பீய்ச்சியடித்து ஓடும், குஞ்சுகளால் எதிர்த்து நீந்த முடியாது. இந்த மூன்று எண்களும் இல்லாமல் "நீரோட்டம் பாதிக்கப்படாது" என்று எழுதுவதற்கு அடிப்படை எதுவும் இல்லை. பணம் இருந்தால் ஓடைகளின் மேல் தூண்கள் மீது பாலமாகப் போவது எப்போதுமே மேல்.

மணலைப் பற்றி நான் கொஞ்சம் அடக்கித்தான் பேச வேண்டும், ஏனென்றால் மணல் நகர்வைக் கணக்கிடுவது கடலோரப் பொறியாளர்களின் துறை. வாழிடப் பக்கத்திலிருந்து எனக்கு உறுதியாகத் தெரிந்தது இது: கடற்கரை ஒரே இடத்தில் நிற்பதில்லை. புயலில் மணல் கடலுக்குள் போகும், அமைதியான மாதங்களில் திரும்ப வரும். முன்னால் கரையும் பின்னால் மணல்மேடும் சேர்ந்துதான் அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்குகின்றன. மணல்மேட்டின் மேல் சாலை வந்துவிட்டால், கரை அரிக்கும்போது சாலையைக் காப்பாற்றக் கல் கொட்டுவார்கள், சுவர் எழுப்புவார்கள். சுவருக்கு முன்னால் இருக்கும் கடற்கரை காலப்போக்கில் மெலியும், அரிப்பு பல இடங்களில் பக்கத்துக் கரைக்கு நகரும். முட்டையிட ஏறி வரும் ஆமை சுவரில் முட்டிக்கொண்டு முட்டையிடாமலே திரும்பும், இல்லையென்றால் ஓதம் ஏறும் எல்லைக்குக் கீழேயே குழி தோண்டி, முட்டைகள் நீரில் மூழ்கிப் போகும். இதோடு கடல் மட்டமும் ஏறுகிறது. 1901-க்கும் 2018-க்கும் இடையில் உலகச் சராசரியாகச் சுமார் 20 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது, 2006-க்குப் பிறகான வேகம் ஆண்டுக்கு சுமார் 3.7 மில்லிமீட்டர். கடல் ஏறும்போது சதுப்பும் அலையாத்தியும் மெல்ல நிலத்தின் பக்கம் நகர்ந்து தப்பிக்கும். நடுவில் உயர்ந்த சாலைக் கரை நின்றால் நகர இடமில்லாமல் இரண்டுக்கும் நடுவே நசுங்கிக் காணாமல் போகும். சாலையின் ஆயுள் ஐம்பது ஆண்டு என்றால் அறிக்கையும் ஐம்பது ஆண்டுக் கரையைப் பற்றிப் பேச வேண்டும். இதை நீங்களே ஓரளவு சரிபார்க்கலாம். லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1972 முதல் படம் எடுக்கின்றன, 2008 முதல் அந்தப் படங்கள் எல்லோருக்கும் இலவசம். உங்கள் கரையின் பழைய படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், திட்டமிட்ட தடம் எந்தெந்த வருடம் தண்ணீருக்குள் இருந்தது, முகத்துவாரம் எத்தனை தடவை இடம் மாறியது என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

மூன்றாவது இருட்டு. ஆமைக்குஞ்சுகள் பெரும்பாலும் இரவில்தான் மணலைப் பிளந்து வெளியே வரும். கடல் எந்தப் பக்கம் என்று அவற்றுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. அடிவானத்தில் எந்தப் பக்கம் வெளிச்சமாகவும் திறந்தும் இருக்கிறதோ அந்தப் பக்கம் ஓடும், உயர்ந்து கறுத்துத் தெரியும் பக்கத்தை விட்டு விலகும். இயற்கையான கரையில் வெளிச்சம் கடல் பக்கம், கறுப்பு மணல்மேட்டுப் பக்கம். சாலை விளக்குகள் வந்ததும் இது தலைகீழாகிவிடும். குஞ்சுகள் சாலையை நோக்கி ஓடி, சக்கரத்தில் நசுங்கியும் விடிந்ததும் வெயிலில் காய்ந்தும் நண்டுக்கும் காகத்துக்கும் இரையாகியும் போகும். இது சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயம், பல நாடுகளில் மறுபடி மறுபடி நிரூபிக்கப்பட்டது. நல்ல செய்தி, இதைச் சரிசெய்வதும் மற்றவற்றைவிடச் சுலபம்: தாழ்வான கம்பங்கள், கடல் பக்கம் தெரியாதபடி மூடிய விளக்குகள், வெள்ளைக்குப் பதில் நீண்ட அலைநீளமுள்ள செம்மஞ்சள் ஒளி, குஞ்சு பொரிக்கும் மாதங்களில் அணைத்து வைப்பது. அறிக்கையில் விளக்கமைப்புத் திட்டம் என்று தனியாக ஒன்று இருக்க வேண்டும். வண்டிகளின் முகப்பு விளக்கையும் அது கணக்கில் எடுத்திருக்க வேண்டும். வெளிச்சம் பறவைகளையும் விடுவதில்லை. இந்தியப் பெருங்கடலில் உள்ள ரியூனியன் தீவில், மலையிலிருந்து முதல்முறையாகக் கடலுக்குப் பறக்கும் பெட்ரல் என்ற கடற்பறவையின் குஞ்சுகள் விளக்குகளில் குழம்பித் தரையில் விழுவதால், அந்த வாரங்களில் விளக்கைக் குறைக்கும் இயக்கமே நடக்கிறது.

ஓசை, கசடு, அடிபடுதல் என்று எல்லோரும் எதிர்பார்க்கும் பாதிப்புகளும் உண்டு. ஓசை தனியாகவே பறவைகளை விரட்டுமா என்று நீண்ட நாள் விவாதம் இருந்தது. 2012-இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் சாலையே இல்லாத ஒரு மலைமுகட்டில் அரை கிலோமீட்டர் நீளத்துக்கு ஒலிபெருக்கிகள் வைத்துப் போக்குவரத்துச் சத்தத்தை மட்டும் ஒலிபரப்பினார்கள். வலசைப் பறவைகளின் எண்ணிக்கை கால்பங்குக்கு மேல் குறைந்தது. ஆகவே ஓசை பாதிக்கும் என்பது உறுதி, திறந்த கடற்கரையில் அது எத்தனை மீட்டர் வரை என்பதுதான் இடத்துக்கு இடம் மாறும். மழையில் சாலையிலிருந்து வழியும் நீரைப் பற்றி 2020 டிசம்பரில் ஒரு முக்கியமான கண்டுபிடிப்பு வெளியானது. டயர் ரப்பர் கெடாமலிருக்கச் சேர்க்கும் ஒரு பொருள் காற்றில் உள்ள ஓசோனோடு வினைபுரிந்து உண்டாகும் நச்சு, வட அமெரிக்க மேற்குக் கரையின் ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்களைச் சில மணி நேரத்தில் கொன்றுகொண்டிருந்தது தெரியவந்தது. அதே அளவு நச்சில் 'சம்' என்ற இன்னொரு சால்மன் இனம் பிழைத்துக்கொள்கிறது. ஓர் இனத்தைக் கொல்வது பக்கத்து இனத்தை ஒன்றும் செய்யாமல் விடலாம் என்பதால், உங்கள் கழிமுகத்து மீன்களுக்கு என்ன ஆகும் என்று அங்கிருந்து இங்கே ஊகிக்க முடியாது. சாலை நீர் நேராக ஓடையில் விழாமல் மண்ணிலோ வடிகட்டும் குட்டையிலோ இறங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடிபடுவதில் கடலோரத்துக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி உப்புச் சதுப்புகளில் வாழும் டெர்ரபின் ஆமைகள் முட்டையிட மேடான மணல் தேடும். மணல்மேடுகள் கட்டடங்களாகிவிட்டதால் சதுப்பில் மிஞ்சிய ஒரே மேடு சாலைக் கரைதான். பெண் ஆமைகள் வரிசையாக அங்கே ஏறி அடிபட்டன. மெதுவாக வளர்ந்து நீண்ட காலம் வாழும் ஓர் இனத்தில் முட்டையிடும் பெண்களை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொல்வது, எண்ணிக்கையில் சின்னதாகத் தெரிந்தாலும் இனத்தையே சாய்க்கக்கூடியது. அதனால் விலங்கு சாலையைக் கடக்குமா என்று கேட்பதோடு நிறுத்தாமல், சாலை அதைத் தன்னிடம் இழுக்குமா என்றும் கேட்க வேண்டும். ஏற்கனவே உள்ள சாலையில் அடிபட்ட உடல்களை எண்ணி "குறைவு" என்று எழுதியிருந்தால், எத்தனை மணிக்கு எண்ணினார்கள் என்று பாருங்கள். சின்ன விலங்குகளின் உடல்களை ஒரே நாளுக்குள் காகமும் நாயும் தூக்கிப் போய்விடும். வெயில் ஏறிய பிறகு காரில் போய் எண்ணினால் கிடைப்பது உண்மையின் ஒரு துண்டுதான். தடுப்பு முறைகளில் வேலை செய்தவையும் உண்டு. இந்தியப் பெருங்கடலில் உள்ள கிறிஸ்துமஸ் தீவில் கோடிக்கணக்கான செந்நண்டுகள் மழைக்காலம் தொடங்கியதும் கடலுக்கு இறங்கும்போது, தடுப்புச் சுவர்கள் அவற்றைச் சாலைக்கு அடியில் உள்ள வழிகளுக்குத் திருப்பிவிடுகின்றன, நண்டுகளுக்கென்றே ஒரு பாலம் இருக்கிறது, சில சாலைகளை நாள்கணக்கில் மூடியும் விடுகிறார்கள். சுவர் இல்லாமல் சுரங்கவழி மட்டும் வைத்தால் பெரும்பாலும் பயனில்லை. விலங்கு தானாகத் தேடி வந்து அதற்குள் நுழையாது.

சரி, எல்லாவற்றையும் கணக்கெடுத்தாகிவிட்டது, பாதிப்பு உண்டு என்றும் ஒப்புக்கொண்டாகிவிட்டது என்று வையுங்கள். அடுத்து வழக்கமாக வருவது "இழப்பை வேறிடத்தில் ஈடுசெய்வோம்" என்ற வாக்குறுதி. இங்கேதான் நான் மிகவும் எச்சரிக்கையாக இருப்பேன். தென் கொரியாவின் மேற்குக் கரையில் சேமாங்கம் என்ற இடத்தில் சுமார் 33 கிலோமீட்டர் நீளக் கடற்சுவர் 2006-இல் மூடப்பட்டது, இன்று அதன் மேல் சாலை ஓடுகிறது. நிலம் மீட்கத்தான் அதைக் கட்டினார்கள், சாலை பிறகுதான் வந்தது. ஆனாலும் பாடம் ஒன்றுதான். பறவைகள் பக்கத்துச் சேற்றுத் திட்டுகளுக்கு மாறிக்கொள்ளும் என்று சொல்லப்பட்டது. கிரேட் நாட் என்ற உள்ளான் வகையில் அங்கே பல பத்தாயிரமாக இருந்த எண்ணிக்கை இரண்டே ஆண்டில் சில ஆயிரமாகச் சரிந்தது. பக்கத்து இடங்களில் அதற்கு ஈடான உயர்வு தென்படவில்லை, அவை பருவம் கழிக்கும் ஆஸ்திரேலியாவிலும் எண்ணிக்கை இறங்கியது. பக்கத்துத் திட்டில் இடம் காலியாக இருப்பதுபோல நமக்குத் தெரியலாம். உண்மையில் அங்கே உள்ள இரை ஏற்கனவே அங்கிருக்கும் பறவைகளுக்கே சரியாக இருக்கும். அலையாத்தி நடுவதும் இதே கதைதான். ஓதம் சரியாக ஏறி இறங்காத மட்டத்தில் நட்ட கன்றுகள் பெருமளவு சாகின்றன. நடப்பட்ட கன்றுகளின் எண்ணிக்கையைத் தராமல், ஐந்து ஆண்டு கழித்து உயிரோடு நிற்கும் காட்டின் பரப்பை யார் அளந்து யாரிடம் ஒப்படைப்பார்கள் என்று அறிக்கை சொல்ல வேண்டும். தவிர்ப்பது முதலில், குறைப்பது அடுத்து, சீர்செய்வது அதற்கும் பிறகு, ஈடுசெய்வது கடைசி. இந்த வரிசை தலைகீழாக இருந்தால் தடம் முன்கூட்டியே முடிவாகிவிட்டது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

தவிர்ப்பது என்றால் மாற்றுத் தடங்களை உண்மையாகவே ஒப்பிட வேண்டும்: கொஞ்சம் உள்நாட்டுப் பக்கமாகப் போனால் என்ன, தூண்கள் மேல் போனால் என்ன, இருக்கும் சாலையை மேம்படுத்தினால் என்ன, எதுவும் கட்டாமல் விட்டால் என்ன. ஒவ்வொன்றுக்கும் ஒரே தரவு, ஒரே அளவுகோல் இருக்க வேண்டும். கல்லும் மண்ணும் எங்கிருந்து வரும் என்பதும் இதில் சேரும். ரியூனியனில் புதிய கடலோரச் சாலைக்காகக் கடலுக்குள் கட்டிய 5.4 கிலோமீட்டர் பாலம் 2022-இல் திறக்கப்பட்டது. மீதிப் பகுதியைப் பாறை கொட்டிக் கட்டத் திட்டமிட்டார்கள். அந்தப் பாறைக்கான குவாரி எங்கே என்பதில் எழுந்த எதிர்ப்பே அந்தப் பகுதியை நிறுத்தி வைத்தது. சாலை வரைபடத்தில் இல்லாத ஒரு மலையும் அந்தச் சாலையின் பாதிப்புதான். சாலை வந்தபின் அதைத் தொடர்ந்து வரும் கட்டடங்களும் அப்படியே. நீண்ட காலத்தில் அவை சாலையைவிடப் பெரிய சேதம் செய்யும் என்பது என் கணிப்பு. ஆனால் எவ்வளவு வரும், எங்கே வரும் என்பதை முன்கூட்டிச் சொல்லும் முறைகள் இன்னும் பலவீனமானவை. ஆகவே அந்தப் பகுதியில் யாராவது துல்லியமான எண் கொடுத்தால், பாதிப்பு அதிகம் என்று சொன்னாலும் சரி, குறைவு என்று சொன்னாலும் சரி, கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மிகச் சிறந்த ஆய்வாலும் "இந்த இனத்தில் இத்தனை சதவீதம் குறையும்" என்று முன்கூட்டிச் சொல்வது அரிது. கடலாமைகள் வயதுக்கு வர பத்து முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேலும் ஆகும், இனத்தைப் பொறுத்து. இன்று குஞ்சுகள் செத்தால் முட்டையிட வரும் ஆமைகள் குறைவது ஒரு தலைமுறை கழித்துத்தான் தெரியும். அதனால்தான் கட்டுமானத்துக்கு முன்பும் பின்பும், சாலை வரும் இடத்திலும் அதைப்போன்ற சாலை வராத இன்னொரு இடத்திலும் ஒரே முறையில் அளக்க வேண்டும் என்கிறோம். இந்த நான்கும் இருந்தால்தான் குறைவு சாலையால் வந்ததா, அந்த வருட மழையால் வந்ததா என்று பிரிக்க முடியும். கூடவே ஒரு எல்லைக்கோடும் வேண்டும்: எது எவ்வளவு குறைந்தால் வேலையை நிறுத்துவீர்கள், நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு? "தொடர்ந்து கண்காணிக்கப்படும்" என்று மட்டும் இருந்தால், சேதத்தைப் பதிவு செய்துகொண்டே இருக்கலாம், தடுக்க முடியாது.

உங்களால் இப்போதே செய்யக்கூடியது இது. கருத்துக்கேட்புக்குக் காலக்கெடு இருந்தால், பொதுவான எதிர்ப்புக் கடிதத்துக்குப் பதிலாகக் கேள்விகளாக எழுதிக் கொடுங்கள்: ஆய்வுத் தேதிகளும் ஓத நேரங்களும், இரவு ஆய்வு நடந்ததா, கல்வெர்ட் மட்டங்கள், விளக்குத் திட்டம், மாற்றுத் தடங்களின் ஒப்பீடு, நிறுத்தும் எல்லைக்கோடு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பதில் வேண்டும் என்று கேளுங்கள். இனப்பட்டியலை அந்தக் கரையில் மீன்பிடிப்பவர்களிடம் காட்டுங்கள். வேறெங்கோ எழுதிய பட்டியலை ஒட்டியிருந்தால் அவர்கள் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். ஆமை எங்கே ஏறும், முகத்துவாரம் எந்த மாதம் அடைபடும் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். அப்புறம், நீங்களே பறவைகளை எண்ணத் தொடங்குங்கள். உயர் ஓதத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு, ஒரே இடத்தில் நின்று, மாதம் இரண்டு முறை எண்ணி, படத்தோடு இபேர்டு என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பதிவேற்றுங்கள். பெயர் தெரியாத பறவையின் படத்தை ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையதளத்தில் போட்டால் அங்கே உள்ளவர்கள் அடையாளம் சொல்வார்கள். ஒரு பறவையும் வராத நாளையும் விடாமல் பதிவு செய்யுங்கள், குறிப்பில் ஓத நிலையை எழுத மறக்காதீர்கள்.